கொம்பில்லாத காளையும் கண்ணில்லாத கோழியும்

பிறந்து சில வாரமே ஆன கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மேடு கையில் தட்டுப்படும். அதுதான் கொம்புக் குருத்து. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய பால் பண்ணைகளில் இந்தக் கட்டத்திலேயே பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அதைப் பொசுக்கிவிடுவார்கள், இல்லையென்றால் காரக் களிம்பைத் தடவி அரிக்க விட்டுவிடுவார்கள். நூற்றுக்கணக்கான மாடுகள் அவிழ்த்துவிட்டபடி ஒரே கொட்டகையில் நெருக்கியடித்து நிற்கும்போது கொம்பு இருந்தால் ஒன்றையொன்று குத்திக் கிழிக்கும், வேலைக்கு நிற்கும் ஆளையும் குத்தும் என்பதுதான் காரணம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுச் செய்யும் பண்ணைகளும் உண்டு, போடாமலே சுடும் பண்ணைகளும் ஏராளம். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசுகிற நமக்கு இது கொடூரமாகத்தான் தெரியும், ஆனால் காலங்காலமாகக் காயடித்து, மூக்கில் ஓட்டை போட்டு மூக்கணாங்கயிறு மாட்டி வந்தவர்களும் நாம்தான், அதனால் இந்த விஷயத்தில் ரொம்பவும் பேசுவதற்கில்லை.

கொம்பே முளைக்காத மாடும் உலகத்தில் உண்டு. நம் ஊரிலேயே அதற்கு ‘மோழை’ என்று தனிச் சொல் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆங்கஸ் இனம் முழுக்க மோழைதான், அதைச் சுட வேண்டிய அவசியமே இல்லை. ஏன் கொம்பு வருவதில்லை என்று மரபணுவைத் துழாவிப் பார்த்தபோது, மாட்டின் 1-ஆம் குரோமோசோமில் ஓரிடத்தில் 212 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரண்டாவது தடவை எழுதப்பட்டு, அங்கே இருந்த 10 எழுத்து காணாமல் போயிருப்பது தெரிந்தது. இவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் ஓங்கு பண்பு, அதாவது அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், கன்றுக்குக் கொம்பு வராது. பால் கறக்கும் ஹோல்ஸ்டீன் மாட்டுக்குப் பெரும்பாலும் இந்தத் துண்டு இல்லை.

அப்படியானால் அந்தத் துண்டை ஹோல்ஸ்டீனில் எழுதிவிட்டால் என்ன என்று அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ரீகாம்பினெட்டிக்ஸ் என்ற நிறுவனம் இறங்கியது. டேலன் என்று ஒரு மரபணுக் கத்திரி உண்டு, இன்றைக்கு எல்லோரும் பேசும் கிரிஸ்பருக்கு அண்ணன் மாதிரி. அதை வைத்து மாட்டுச் செல்லில் அந்த இடத்தை வெட்டி, மோழைத் துண்டை ஒட்டி, அந்தச் செல்லிலிருந்து குளோனிங் முறையில் கன்று பிறக்க வைத்தார்கள். 2015-இல் இரண்டு காளைக்கன்றுகள் பிறந்தன. பெயர் ஸ்பாட்டிஜி, பூரி. (நம்ம பூரி இல்லை, சாப்பிடவும் அனுமதி கிடையாது.) இரண்டுக்கும் கொம்பு வரவில்லை. பூரி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்குப் போனது. அங்கே அலிசன் வான் ஈனெனாம் என்ற மரபியலாளரின் குழு, அதன் விந்தைக் கொம்புள்ள பசுக்களுக்குச் செலுத்திப் பார்த்ததில் ஆறு கன்றுகள் பிறந்தன. ஆறும் மோழை. பத்திரிகைகள் கொண்டாடின. கன்றுகளை இனிச் சுட வேண்டாம், பிராணி நலக்காரர்களும் விவசாயியும் ஒரே பக்கம் நிற்கக்கூடிய தொழில்நுட்பம் இதோ என்று எழுதினார்கள்.

2019-இல் காற்று திசை மாறியது. அமெரிக்க உணவு மருந்துத் துறையின் விஞ்ஞானிகள், நிறுவனமே கொடுத்திருந்த மரபணுத் தரவை வேறு கோணத்தில் அலசியபோது, மோழைத் துண்டை மாட்டுச் செல்லுக்குள் கொண்டுபோகப் பயன்படுத்திய பிளாஸ்மிட் என்ற பாக்டீரியா டி.என்.ஏ. வளையமும் சேர்ந்தே உள்ளே ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். அதில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களும் இருந்தன. சாமான் கொண்டுவந்த சாக்கையும் சேர்த்துச் சுவரில் வைத்துப் பூசிவிட்ட கதை. நிறுவனம் ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். கத்திரி தவறான இடத்தில் வெட்டியிருக்கிறதா என்றுதான் அவர்கள் தேடினார்கள். சரியான இடத்திலேயே வேண்டாத சரக்கும் சேர்ந்து இறங்கியிருக்குமா என்று தேடவில்லை. தேடாததால் கிடைக்கவில்லை. கன்றுகள் சிலவற்றுக்கும் அது போயிருந்தது. பிரேசிலில் இந்த வழியில் மோழைப் பால்மாட்டு மந்தை உண்டாக்கும் திட்டம் நின்றுபோனது. அந்த பாக்டீரியாத் துண்டால் மாட்டுக்கோ பால் குடிப்பவருக்கோ கெடுதல் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் ‘ஒரே ஒரு சின்னத் திருத்தம், வேறெதுவும் மாறவில்லை’ என்று சொல்லி விற்ற பொருளில் வேறேதோ மாறியிருந்தால் அப்புறம் யார் நம்புவார்கள்?

எனக்கு இந்தக் கதையில் அதைவிட உறுத்துவது வேறு ஒன்று. மோழை ஹோல்ஸ்டீன் ஏற்கெனவே இயற்கையாகவும் கொஞ்சம் உண்டு. எந்தக் கத்திரியும் இல்லாமல், மோழைக் காளையின் சினை ஊசியைப் போட்டு, மோழைக் கன்றாகப் பார்த்து எடுத்து வளர்த்தால் சில தலைமுறையில் மந்தை மாறிவிடும். ஏன் பண்ணைக்காரர்கள் அதைப் பரவலாகச் செய்யவில்லை? ஏனென்றால் மோழைக் காளைகளின் மகள்கள் கொஞ்சம் குறைவாகப் பால் கறந்தன. காளை விற்பனைப் பட்டியலில் பால் அளவு, கொழுப்பு, புரதம் என்று வரிசையாக எண் இருக்கும், அதைப் பார்த்துத்தான் ஊசி வாங்குவார்கள், கன்றைச் சுடும் வலிக்கு அந்தப் பட்டியலில் எண் இல்லை. எண் இல்லாதது எத்தனை தலைமுறை போனாலும் மாறாது. விவசாய மரபியலில் கத்திரியைப் பற்றி நடக்கும் சண்டையில் பாதி, இந்தப் பட்டியலைப் பற்றி நடந்திருக்க வேண்டிய சண்டை என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் கறிக்கோழியைப் பாருங்கள். பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் வளர்க்கிறார்கள் என்று நம் ஊரில் டீக்கடைக்கு டீக்கடை சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நாலு தடவை அந்தச் செய்தி சுற்றி வரும். பல்லடம் பக்கம் பண்ணை வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆயிரக்கணக்கான கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடக் கூலி கொடுத்து யாருக்குக் கட்டுப்படியாகும்? உண்மை அதைவிட விசித்திரமானது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கறிக்கோழி வம்சம் ஒன்றையும் 1978-ஆம் ஆண்டு வம்சம் ஒன்றையும் மாற்றாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். அந்த இரண்டையும் 2005-இல் சந்தையில் இருந்த ராஸ் 308 கோழியையும் ஒரே தீவனம் போட்டு ஒரே மாதிரி வளர்த்து எடை பார்த்தார்கள். 56-ஆம் நாள் 1957 கோழி 905 கிராம். 1978 கோழி 1,808 கிராம். 2005 கோழி 4,202 கிராம். 2014-இல் வெளிவந்த ஆய்வு இது. தீவனம் ஒன்று, கொட்டகை ஒன்று, ஊசி கிடையாது. மாறியது மரபணு மட்டும்.

இதற்கு யாரும் ஒரு மரபணுவைக்கூட வெட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். தராசும் பேரேடும்தான் கருவி. சீக்கிரம் எடை போடும் கோழியை எடுத்து அடுத்த தலைமுறைக்கு விட்டார்கள், அவ்வளவுதான். இதை ஒரு கோபுரம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். உச்சியில் கொஞ்சம் தூய வம்சக் கோழிகள், அவை உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களிடம்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே கொள்ளுப் பாட்டன், பாட்டன், பெற்றோர் என்று இறங்கி, அடியில் கோடிக்கணக்கில் நாம் வாங்கும் கோழி. உச்சியில் ஒருவர் ‘இந்த வருடம் நெஞ்சுக்கறிக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பெண் கூட்டுவோம்’ என்று முடிவெடுத்தால் சில வருடத்தில் அது உலகம் முழுக்கத் தட்டில் வந்து நிற்கும். கூடவே கால் வலுவில்லாமல் தடுமாறும் கோழியும், இதயம் ஈடுகொடுக்க முடியாமல் வயிற்றில் நீர் கோத்துச் சாகும் கோழியும் வந்தன. இந்தப் பக்க விளைவுகளைப் பார்த்துப் பின்னாளில் கால் நலம், இதய நலம் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்ததும் அவை ஓரளவு சரியாகவும் செய்தன, அதையும் சொல்ல வேண்டும்.

இதில் யாரும் அதிகம் பேசாத சங்கடம் பெற்றோர்க் கோழியினுடையது. குஞ்சு 40 நாளில் 2 கிலோ ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுத்த அதே பசி அதன் அம்மாவுக்கும் இருக்கிறது. ஆனால் அம்மா ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடிருந்து முட்டை இட வேண்டும். வயிறார விட்டால் கொழுத்து, கால் விழுந்து, முட்டை குறைந்து செத்துப்போகும். அதனால் வளரும் பருவத்தில் அதற்கு அளந்துதான் தீவனம், விட்டால் தின்னும் அளவில் பாதிகூட இருக்காது. பகல் முழுக்க வெறும் தரையைக் கொத்திக்கொண்டே இருக்கும். தாராளமாகப் போட்டால் உடம்பு கெடும், அளந்து போட்டால் நாள் முழுக்கப் பசி. இரண்டில் எதுவும் பண்ணைக்காரரின் கெட்ட மனசால் வந்தது இல்லை, வம்சத்திலேயே எழுதி வைத்திருப்பது.

அப்படியானால் மெதுவாக வளரும் கோழிக்கே திரும்பிப் போய்விடலாமே என்று சொல்வது சுலபம். ஐரோப்பாவில் அந்த இயக்கம் வலுவாக இருக்கிறது. ஆனால் அங்கேதான் சூழல் குறுக்கே வந்து நிற்கிறது. சீக்கிரம் வளரும் கோழி ஒரு கிலோ கறிக்குக் குறைந்த தீவனம் தின்கிறது. தீவனம் என்றால் மக்காச்சோளமும் சோயாவும், சோயா என்றால் நிலம், சில நாடுகளில் காடு. மெதுவாக வளரும் கோழி அதிக நாள் இருக்கும், அதிகம் தின்னும், அதிகம் எச்சமிடும். கோழிக்கு நல்லது பூமிக்குக் கொஞ்சம் பாரம். பிராணி நலமும் சூழல் நலமும் எப்போதும் கைகோர்த்துத்தான் போகும் என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் அவர்கள் தீவனக் கணக்கைப் பார்த்ததே இல்லையோ என்று தோன்றும். கறியைக் கொஞ்சம் குறைவாகத் தின்றால் இரண்டு கணக்கும் நேராகும், ஆனால் அது மரபியல் ஆய்வகத்தில் தீரும் விஷயம் இல்லை.

கத்திரி இல்லாமலே ஒரு தவறான எழுத்து எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு இன்னொரு கதை. 1962-இல் அமெரிக்காவில் பிறந்த ஒரு ஹோல்ஸ்டீன் காளை, பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்று நீளமான பெயர். நல்ல பால் வம்சம். அதற்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கு மேல் கொள்ளுப் பேத்திகள். இன்றைய ஹோல்ஸ்டீன் மரபணுத் தொகுப்பில் சுமார் 14 சதவீதம் இந்த ஒரு காளையுடையது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் ஊர் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாட்டிலும் எங்காவது அதன் வாடை இருக்கக்கூடும். அதற்கு ஏபாஃப்1 என்ற மரபணுவில் ஒரு கோளாறு இருந்தது. கரு வளர அவசியமான மரபணு அது. ஒரு பிரதி கெட்டிருந்தால் ஒன்றும் தெரியாது, இரண்டும் கெட்டிருந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். பேரனும் பேத்தியும் சேரச் சேர அந்த இரண்டும் சந்தித்தன. உலக அளவில் சுமார் 5 லட்சம் கருச்சிதைவு, 42 கோடி டாலர் நஷ்டம் என்று 2016-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அதே ஆய்வுக் குழு, இந்தக் காளையால் பாலில் கிடைத்த லாபம் 3,000 கோடி டாலர் என்றும் கணக்கு போட்டிருக்கிறது. அதனால் பண்ணைக்காரர்களைக் கேட்டால் இந்தக் காளையை இப்போதும் வாங்குவோம் என்பார்கள். நல்லவேளையாக, இன்று ஒரு சொட்டு ரத்தத்திலோ ரோமத்திலோ சோதித்து, இந்தக் குறையைச் சுமக்கும் காளையையும் பசுவையும் சேர்க்காமல் தவிர்க்க முடிகிறது. மரபணு ஆய்வின் சத்தமில்லாத, சர்ச்சையில்லாத பயன்களில் இது ஒன்று. பத்திரிகையில் வராது.

இனி கோழிக்கே திரும்புவோம், ஏனென்றால் இந்தத் துறையின் மிகச் சிறந்த சோதனை என்று நான் நினைப்பதும், மிகச் சங்கடமான சோதனையும் கோழியில்தான் நடந்தன.

கூண்டில் நெருக்கமாக அடைத்த முட்டைக்கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் குதறும். அதனால்தான் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டிவிடுவது. இந்தியானாவில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூர் வேறு மாதிரி யோசித்தார். வழக்கமாக அதிக முட்டையிடும் தனிக் கோழியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அந்தக் கோழி அதிகம் இடுவதற்குக் காரணம், பக்கத்துக் கோழிகளைக் கொத்தித் துரத்தித் தீவனத்தைத் தானே தின்பதாக இருந்தால்? தலைமுறை தலைமுறையாக நாம் ரவுடிகளைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்போம். அதனால் மியூர் ஒரு கூண்டில் ஒரே குடும்பத்துக் கோழிகளை வைத்து, அலகும் வெட்டாமல், எந்தக் கூண்டு மொத்தமாக அதிகம் இட்டதோ அந்தக் கூண்டு முழுவதையும் அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் தலைமுறையில் ஒரு வருடத்தில் 68 சதவீதக் கோழிகள் செத்தன. நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதம்தான். முட்டையும் ஒரு கோழிக்கு 91-லிருந்து 237-ஆக ஏறியது. 1996-இல் வெளிவந்த இந்த ஆய்வுக்கும் மரபணுக் கத்திரிக்கும் சம்பந்தமே இல்லை. ஆளைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்துப் பெண் எடுத்தது மாதிரிதான்.

இதற்குப் பதினொரு வருடம் முன்னால், 1985-இல், கனடாவில் அலி, செங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு கோழி வம்சத்தைப் பற்றி எழுதினார்கள். இயற்கையாக வந்த ஒரு மரபணுக் குறை அது. அந்தக் கோழிகள் கூண்டில் அமைதியாக இருந்தன, குறைவாகத் தின்றன, இறகு அதிகம் உதிரவில்லை, முட்டை பார்வையுள்ள சகோதரிகளைவிட அதிகம். பால் தாம்சன் என்ற தத்துவப் பேராசிரியர் பின்னாளில் இதை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வியாக வைத்தார். கூண்டில் பார்வையுள்ள கோழி அவதிப்படுகிறது, பார்வையில்லாதது அவ்வளவு அவதிப்படவில்லை. பிராணி நலம்தான் குறிக்கோள் என்றால் எல்லாக் கோழியையும் குருடாகப் பிறக்க வைப்பதுதானே சரி? கேட்டதும் கிட்டத்தட்ட எல்லோரும் சேச்சே என்பார்கள். ஆனால் ஏன் சேச்சே என்று விளக்கச் சொன்னால் திணறுவோம். பிறக்கும்போதே பார்வை இல்லாததற்கு எதை இழந்தோம் என்றே தெரியாதே.

என் பதில் கொஞ்சம் பாமரத்தனமானது. கோழிக்கு நோய் இல்லை. நோய் கூண்டுக்கு. கூண்டின் நோய்க்குக் கோழியை அறுவை செய்வதுதான் அங்கே அருவருப்பு. இதே அளவுகோலை மியூரின் சாதுக் கோழிகளின் மேல் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கிறது, அதுவும் கூண்டுக்கு ஏற்பக் கோழியை மாற்றியதுதானே. ஆனாலும் சண்டை போடாத கோழியைக் கூண்டை விட்டு வெளியே விட்டாலும் அதற்கு நஷ்டமில்லை. பார்வையில்லாத கோழியை வெளியே விட்டால் அன்றைக்கே கீரிக்கு இரை. பூரியை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? மோழை மாடு புல்வெளியில் ஆங்கஸ் மாதிரி நன்றாகவே வாழும், அதனால் எனக்கு அதில் தயக்கம் குறைவு. சாக்கோடு சேர்த்துப் பூசாமல் செய்தால் சரி.

பன்றிக்கு வருவோம். 1980-களின் கடைசியில் அமெரிக்காவிலும் அடுத்து ஐரோப்பாவிலும் கிளம்பிய ஒரு வைரஸ் நோய், சுருக்கமாக பி.ஆர்.ஆர்.எஸ். சினைப் பன்றிக்குக் குட்டி கலைந்து விழும், பிழைத்த குட்டிக்கு மூச்சுத் திணறும். இந்தியாவில் 2013-இல் முதலில் மிசோரமில் வந்தது, அங்கே வீட்டுக்கு வீடு பன்றி வளர்ப்பவர்கள் அடிபட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 66 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று 2013-இல் ஒரு கணக்கு வந்தது, பிந்தைய கணக்குகள் அதையும் தாண்டிவிட்டன. இந்த வைரஸ் நுரையீரலில் இருக்கும் ஒருவகை வெள்ளணுவின் மேலுள்ள சிடி163 என்ற புரதத்தைப் பிடித்துத்தான் உள்ளே போகிறது. அந்தப் புரதம் மணி கோத்த சரம் மாதிரி பல பகுதிகள் கொண்டது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் ராண்டல் பிராதரின் குழு முதலில் அந்த மரபணுவை முழுக்க முடக்கிப் பார்த்தது, பன்றிக்கு நோய் தொற்றவில்லை. ஆனால் சிடி163-க்கு ரத்தத்தில் சிதைந்த ஹீமோகுளோபினைக் கூட்டித் துடைக்கும் வேலையும் உண்டு. அதனால் எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனத்தில் (குளோனிங்கில் டாலி ஆடு பிறந்த அதே இடம்) வைரஸ் பிடிக்கும் ஐந்தாவது மணியை மட்டும் கழற்றிவிட்டு மீதிச் சரத்தை விட்டுவைத்தார்கள். துடைக்கும் வேலை நடந்தது, வைரஸுக்குத்தான் கைப்பிடி இல்லை. இதே வழியில் பி.ஐ.சி. என்ற பன்றி இன நிறுவனம் கிரிஸ்பரால் உண்டாக்கிய பன்றிக்கு அமெரிக்க உணவு மருந்துத் துறை 2025 ஏப்ரல் 30 அன்று அனுமதி கொடுத்தது.

இதில் சூழல் எங்கே வருகிறது என்றால், இந்த வைரஸ் பிடித்த பன்றிக்கு அடுத்தடுத்து பாக்டீரியா நோய்கள் ஒட்டும், அதற்கு ஆன்டிபயாடிக் கொட்டுவார்கள். அது சாணம் வழியாக வாய்க்காலுக்கும் மண்ணுக்கும் போய், எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமியாக ஊருக்குள் திரும்பி வரும். இந்தியா 2019-இல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளில் தடை செய்ததும் இந்தப் பயத்தால்தான். நோயே வராத பன்றிக்கு மருந்து வேண்டாம். கணக்குப் புரிகிறது. நெரிசலை அப்படியே தொடரவும் இது வசதி செய்து கொடுக்கும் என்பவர்களின் ஆட்சேபமும் புரிகிறது. ஆனால் மிசோரமில் நாலு பன்றி வைத்திருந்தவருக்கு நெரிசல் கிடையாது, அவரும்தான் இழந்தார். அவருக்கு இது உதவும், அவர் கைக்கு எட்டும் விலையில் வந்தால்.

பன்றியில் எட்டாமல் போனதும் ஒன்று உண்டு. தானியத்தில் பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கும். மாடு, ஆடுகளின் வயிற்று நுண்ணுயிர் அதைத் திறந்துவிடும், பன்றிக்கு அந்த வசதி இல்லை. தின்றது அப்படியே சாணத்தில் போய், மழையில் ஏரிக்கு ஓடி, பாசி மண்டி, மீன் மூச்சுத் திணறிச் சாகும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 1999-இல், பூட்டைத் திறக்கும் ஃபைட்டேஸ் நொதியை எச்சிலிலேயே சுரக்கும் பன்றியை உண்டாக்கினார்கள். ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுவும், எச்சில் சுரப்பியில் மட்டும் அதை முடுக்கிவிட எலியிலிருந்து எடுத்த ஒரு சாவியும். பெயர் என்விரோபிக். சாணத்தில் பாஸ்பரஸ் அதிகபட்சம் 75 சதவீதம் வரை குறைந்தது. ஆய்வாக இது வெற்றி. ஆனால் வாங்க ஆளில்லை. பன்றி வளர்ப்போர் அமைப்பு பணத்தை நிறுத்த, 2012-இல் கடைசிப் பன்றிகளையும் கருணைக் கொலை செய்தார்கள். விந்து உறைநிலையில் இருக்கிறது.

மரபணு மாற்றத்துக்கு எதிரான கூச்சலால்தான் அது செத்தது என்று ஒரு தரப்பு இன்னும் சொல்லும். அதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் அதே ஃபைட்டேஸ் நொதி 1991 முதலே பொடியாகக் கடையில் கிடைத்தது. தீவனத்தில் கலந்தால் போதும், பன்றியை மாற்ற வேண்டாம், அனுமதிக்கு அலைய வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே நிறுத்தலாம். ஒரு மூட்டைப் பொடியால் ஆகும் காரியத்துக்கு ஒரு வம்சத்தை மாற்றுவானேன் என்று சந்தை கேட்ட கேள்வியில் தப்பில்லை.

இதற்கு நேர்மாறாக, வேறு வழி சுலபமில்லாத இடம் ஒன்றும் உண்டு. முட்டைக்கோழி வம்சத்தில் பொரியும் ஆண் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் ஏறாது. உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 700 கோடி ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். நம் ஊரில் அதில் கொஞ்சம் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் பூசி, கூடையில் வைத்துப் பள்ளிக்கூட வாசலில் விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கலர் குஞ்சு பெரும்பாலும் இந்த வேண்டாத ஆண்தான். ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இந்தக் கொலையைத் தடை செய்துவிட்டது. இஸ்ரேலின் வோல்கனி ஆய்வு மையத்தில் யுவால் சின்னமன் குழு 2022 டிசம்பரில் ஒரு கோழியை அறிவித்தது, அதன் பின்னால் இருக்கும் யோசனையை நான் ரசிக்கிறேன். கோழியில் பெட்டைக்குத்தான் இரண்டு வகைப் பாலின குரோமோசோம், இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. தாய் தன் இசட்டை மகனுக்கும் டபிள்யூவை மகளுக்கும் கொடுக்கும். இவர்கள் தாயின் இசட்டில் மட்டும் ஒரு திருத்தம் வைத்தார்கள். முட்டையைச் சில மணி நேரம் நீல ஒளியில் காட்டினால் அந்தத் திருத்தம் உள்ள கரு, அதாவது ஆண், ஆரம்பத்திலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும். மகளுக்குத் தாயின் இசட் போகவே போகாது, அதனால் பொரிந்து வரும் பெட்டையிலும் அது இடும் முட்டையிலும் திருத்தத்தின் சுவடே இருக்காது. மரபணுவைத் திருத்தியது தாய்க்கு, நாம் சாப்பிடும் முட்டையோ எந்தத் திருத்தமும் இல்லாத மகள் இட்டது.

நம் நாட்டிலும் இந்தப் பேச்சு தொலைவில் இல்லை. 2025 மே மாதம் கமலா, பூசா டிஎஸ்டி 1 என்ற இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை மத்திய அரசு வெளியிட்டது. அதே மாதம் ஸ்ரீநகரில் ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் மரபணுத் திருத்தச் செம்மறி ஆட்டை அறிவித்தார்கள். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாடின் என்ற மரபணுவைக் கிரிஸ்பரால் தளர்த்தியிருக்கிறார்கள், கறி சுமார் 30 சதவீதம் கூடும் என்கிறார்கள். வெளி மரபணு எதுவும் சேர்க்கவில்லை, ஐரோப்பாவின் டெக்செல் ஆட்டில் இயற்கையாகவே உள்ளது மாதிரியான மாற்றம்தான் என்றும் சொல்கிறார்கள். அதெல்லாம் சரி.

மயோஸ்டாடின் கடிவாளம் முழுக்க அறுந்த மாடு ஒன்று பெல்ஜியத்தில் ஏற்கெனவே உண்டு. பெல்ஜியன் ப்ளூ. 11 எழுத்து தானாக உதிர்ந்துபோன மரபணு, ஆய்வகம் கிடையாது, கத்திரி கிடையாது. பயில்வான் மாதிரி பின்தொடை, கசாப்புக் கடைக்காரர் கனவு காணும் உடம்பு. கன்று வயிற்றிலேயே பெருத்துவிடும், தாயின் இடுப்பு வழி குறுகல், பத்தில் ஒன்பதுக்கு மேல் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கிறார்கள். அந்த ஊரில் அதற்குக் கைதேர்ந்த மருத்துவர்கள் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். காஷ்மீர் மேய்ப்பர் கோடையில் மந்தையை ஓட்டிக்கொண்டு ஏறும் மலை மேய்ச்சலில் அப்படி யாரும் இல்லை. ஆட்டுச் சந்தையில் வாங்க வருபவர் முதுகுத்தண்டை அழுத்திச் சதை பார்ப்பார், வாயைத் திறந்து பல் பார்ப்பார். பெட்டை ஆடாக இருந்தால் கேட்கும் முதல் கேள்வி, இது எத்தனை ஈத்து, குட்டியைத் தானாகப் போட்டதா என்பது. ஸ்ரீநகர் ஆட்டின் மகளோ பேத்தியோ சினையாகும்போது நானும் அதைத்தான் கேட்பேன்.